கேள்வி கேட்கும் மகளை அடக்குவதா?

வாசகர் கடிதம்

எனது மகள் திருகோணமலையில் தரம் 10இல் கற்கிறாள். சிறு வயதிலிருந்தே எதைச் சொன்னாலும் "ஏன்?" என்று கேட்கும் பிள்ளை. கடந்த தவணைப் பரீட்சையின் வரலாற்று வினாத்தாளில், போர்த்துக்கேயர் திருகோணமலையில் கோட்டை அமைத்தமைக்கு இரண்டு காரணங்கள் கேட்கப்பட்டிருந்தன. இயற்கைத் துறைமுகம் என்பதை ஒரு காரணமாகவும், இடிக்கப்பட்ட கோணேசர் கோயிலின் கற்கள் பக்கத்திலேயே கிடந்தன என்பதை மற்றைய காரணமாகவும் இவள் எழுதினாள். இரண்டாவதற்குப் புள்ளி இல்லை. ஏன் என்று கேட்டதற்கு, "குறிப்பில் இருப்பதை எழுதினால் போதும்" என்று ஆசிரியர் சொல்லிவிட்டாராம். ரியூஷனிலும் அதே பதில்தான். கன்னியா வெந்நீர் ஊற்றுகளுக்குக் குடும்பத்தோடு போனபோது, பக்கத்துப் பக்கத்துக் கிணறுகளில் ஏன் வேறுவேறு சூடு என்று கேட்டு, அவற்றை இராவணன் உண்டாக்கினான் என்ற கதையை ஏற்க மறுத்ததால் என் மாமியார் மிகவும் மனம் நொந்துபோனார். திருக்கடலூரில் படகு வைத்துத் தொழில் செய்யும் என் கணவர், "சாதாரண தரம் முடியும்வரை பாடமாக்கட்டும், யோசிப்பதையெல்லாம் பிறகு பார்க்கலாம்" என்கிறார். நாங்கள் இருவரும் சாதாரண தரத்தோடு படிப்பை நிறுத்தியவர்கள். இவளை அடக்குவதா, விடுவதா? ஆசிரியரிடம் போய்ப் பேசலாமா? வீட்டில் எங்களால் ஏதும் செய்ய முடியுமா? வரலாற்று ரியூஷனை நிறுத்தும்படியும் கேட்கிறாள், நிறுத்தலாமா?

ஒரு தாய், திருகோணமலை

பதில்

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மகளை அடக்க வேண்டாம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அதேவேளை, அவள் எழுதியதெல்லாம் சரி, ஆசிரியர் செய்ததெல்லாம் பிழை என்ற முடிவுக்கும் வந்துவிடாதீர்கள். கேள்வி கேட்பதோடு விமர்சனச் சிந்தனை முடிந்துவிடுவதில்லை. கேட்ட கேள்விக்கு விடை தேடுவதும், கிடைத்த விடைக்கு என்ன ஆதாரம் என்று பார்ப்பதும், ஆதாரம் போதாவிட்டால் தன் கருத்தைத் தானே மாற்றிக்கொள்வதும் அதற்குள் அடங்கும். உங்கள் மகளிடம் முதற்பாதி இயல்பாகவே அமைந்திருக்கிறது. மற்றப் பாதி தானாக வருவதில்லை. அதைப் பாடசாலையும் வீடும் சேர்ந்து பழக்க வேண்டும். ஆசிரியப் பயிற்சித் துறையில் நீண்ட காலமாகப் பணியாற்றுபவன் என்ற முறையில், கேள்வி கேட்கும் பிள்ளைகள் பலர் முதற்பாதியோடு நின்றுவிடுவதையே நான் அதிகம் கவலையோடு பார்க்கிறேன்.

அவளுடைய வரலாற்று விடையைச் சற்று விரிவாகவே ஆராய்வோம், ஏனெனில் நீங்கள் கேட்ட எல்லாவற்றுக்குமான பதில் பெரும்பாலும் அதற்குள்ளேயே இருக்கிறது.

கோணேசர் கோயில் 1622இல் போர்த்துக்கேயரால் இடிக்கப்பட்டது என்றே நமது வரலாற்று நூல்கள் பொதுவாகக் குறிப்பிடுகின்றன. அந்தக் கற்கள் கோட்டைக்குப் பயன்பட்டன என்பதும் உண்மை. ஆகவே உங்கள் மகள் எழுதியது கற்பனை அல்ல. ஆனால் வினா கேட்டது காரணத்தை. ஒரு செயலை ஏன் செய்யத் துணிந்தார்கள் என்பது வேறு. துணிந்த பிறகு அதைச் செய்வதற்கு எது வசதியாக அமைந்தது என்பது வேறு. இந்த இரண்டில் கற்கள் எந்தப் பக்கம் சேரும் என்பதை அவளே சோதித்துப் பார்க்கலாம். கற்கள் அங்கே கிடந்திராவிட்டால் போர்த்துக்கேயர் திருகோணமலையை விட்டுவிட்டுப் போயிருப்பார்களா என்று அவள் தன்னைக் கேட்டுக்கொள்ளட்டும்.

அதற்கு விடை காண, அதற்கு முன்னும் பின்னும் நடந்தவற்றைப் பார்க்க வேண்டும். போர்த்துக்கேயர் கோட்டை கட்டுவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பு, 1620இல், டென்மார்க்கிலிருந்து ஒரு கப்பற்படை இந்தத் துறைமுகத்துக்கு வந்திருந்தது. கண்டி மன்னன் செனரத் போர்த்துக்கேயருக்கு எதிராக வேறொரு ஐரோப்பிய நாட்டின் உதவியை நாடியதன் விளைவு அது. கண்டி இராச்சியத்துக்கு வெளியுலகோடு தொடர்புகொள்ளக் கிழக்குக் கரையின் துறைமுகங்களே வழியாக இருந்தன என்பதையும், அந்த வழியை அடைப்பது போர்த்துக்கேயருக்கு அவசியமாக இருந்தது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், ஆசிரியர் எதிர்பார்த்த இரண்டாவது காரணம் என்னவாக இருக்கும் என்பது தெளிவாகும். பின்னர் 1639இல் ஒல்லாந்தர் இதனைக் கைப்பற்றினார்கள். 1782இல் தை மாதத்தில் ஆங்கிலேயர் பிடித்தார்கள். அதே ஆண்டு ஆவணியில் பிரெஞ்சுக்காரர் அவர்களிடமிருந்து பறித்தார்கள். திரும்பவும் ஒல்லாந்தர் கைக்குப் போய், 1795இல் மறுபடி ஆங்கிலேயரிடம் வந்தது. இத்தனை பேரையும் இங்கே இழுத்தது எது? கோயிற் கற்கள் என்று எவரும் சொல்லமாட்டார்கள். வந்தவர் எல்லோருக்கும் பொதுவாக நிற்பது துறைமுகம் ஒன்றுதான்.

இவ்வளவையும் பார்த்த பிறகு, கற்களைக் காரணம் என்று கொள்வதைவிட, கோட்டை விரைவாகவும் குறைந்த செலவிலும் எழ உதவிய வசதி என்று கொள்வதே பொருத்தம் என்பது என் கணிப்பு. ஆனால் இதோடு அவள் தன் எண்ணத்தைக் கைவிட்டுவிட வேண்டியதில்லை. மன்னார்க் கோட்டைக்குத் திருக்கேதீச்சரத்தின் கற்கள் பயன்பட்டன என்றொரு மரபு வடக்கில் உண்டு. மட்டக்களப்பிலும் கொழும்பிலும் போர்த்துக்கேயர் கோட்டை கட்டினார்கள். அவற்றுக்குக் கல் எங்கிருந்து வந்தது? ஓரிடத்தைத் தெரிவுசெய்யும்போது கட்டுமானப் பொருள் கிடைப்பதையும் அவர்கள் கணக்கில் எடுத்தார்களா? இவற்றைத் தேடிப் படித்துவிட்டு அவள் திரும்பி வந்தால், "கோயில் இருந்த குன்றின்மேல் ஏன் கட்டினார்கள்" என்ற வேறொரு வினாவுக்கு அவளுடைய பழைய விடை பொருந்தக்கூடும். ஒரு பிழையான விடையிலிருந்து இவ்வளவு தூரம் போக முடியும் என்றால், அந்த விடையை எழுதிய பிள்ளையைக் குறைசொல்ல என்ன இருக்கிறது?

ஆகவே, அந்த ஒரு புள்ளியை வழங்காமல் விட்டது நியாயமே. அதற்கான காரணத்தைச் சொல்லாமல் விட்டதுதான் குறை. "குறிப்பில் இல்லை" என்பது ஒரு விடை பிழை என்பதற்கான காரணமாகாது. குறிப்பில் இல்லாத சரியான விடைகளும் உண்டு. குறிப்பிலேயே இருக்கும் பிழையான விடைகளும் உண்டு. தன் விடை எந்த இடத்தில் வழுக்கியது என்று தெரியாத பிள்ளை, அடுத்த முறை இன்னும் கவனமாக யோசிப்பதில்லை, யோசிப்பதையே நிறுத்திவிடுகிறது.

இனி உங்கள் கணவரின் கருத்துக்கு வருகிறேன். முதலில் பாடமாக்கட்டும், பிறகு யோசிக்கட்டும் என்று அவர் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. அந்தப் பாதியை நான் மிகுந்த மதிப்போடு ஏற்கிறேன். அறிவில்லாத இடத்தில் சிந்தனை நடைபெறாது. அமெரிக்க உளவியலாளர் டானியல் வில்லிங்ஹாம் 2007இல் எழுதிய ஒரு கட்டுரையில் இதனை வலியுறுத்தினார்: விமர்சனச் சிந்தனை என்பது ஒரு முறை பழகிவிட்டால் எந்த விடயத்திலும் பயன்படுத்தக்கூடிய தனித்திறன் அல்ல, எதைப் பற்றிச் சிந்திக்கிறோமோ அதைப் பற்றிய அறிவோடு அது பின்னிப்பிணைந்திருக்கிறது. மேலே நான் கோட்டையைப் பற்றி எழுதியதையே பாருங்கள். 1620, 1639, 1782 என்ற ஆண்டுகளும் அவற்றில் நடந்தவையும் தெரியாமல், காரணத்தையும் வசதியையும் பிரித்துப் பார்த்திருக்க முடியாது. ஆண்டுகளை மனனம் செய்வதை இழிவாகப் பேசும் புதுமைவாதிகளோடு எனக்கு உடன்பாடில்லை.

அறிவில்லாத கேள்வி எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு நமது கரையோரமே சாட்சி. 2012 ஏப்ரல் 11ஆம் திகதி சுமாத்திராவுக்கு அப்பால் 8.6 அளவில் பூமியதிர்ச்சி ஏற்பட்டு, இங்கும் சுனாமி எச்சரிக்கை விடுக்கப்பட்டதும், மக்கள் கரையை விட்டு உள்ளே ஓடியதும் உங்களுக்கு நினைவிருக்கும். பெரிய அலை எதுவும் வரவில்லை. "2004இல் எச்சரிக்கை இல்லை, அலை வந்தது, 2012இல் எச்சரிக்கை வந்தது, அலை இல்லை, ஆகவே எச்சரிக்கையை நம்பத் தேவையில்லை" என்று ஒருவர் வாதித்தால், கேட்பதற்கு அது கூர்மையான சிந்தனையைப் போலவே தோன்றும். ஆனால் 2004இல் ஒரு புவித்தட்டு மற்றொன்றின் கீழே சரிந்ததால் கடலடித்தளம் மேலெழும்பி, அதன் மேலிருந்த நீர் முழுவதையும் தூக்கியது. 2012இல் தட்டுகள் பெருமளவில் பக்கவாட்டாகவே உராய்ந்து நகர்ந்தன. கடலடித்தளம் அதிகம் எழவில்லை. அதிர்ச்சி நிகழ்ந்த உடனே அது எந்த வகை என்று உறுதியாகக் கூற முடியாது. சுமாத்திராப் பக்கத்திலிருந்து அலை நமது கரைக்கு வர ஏறத்தாழ இரண்டு மணித்தியாலம்தான் எடுக்கும். அந்த நேரத்துக்குள் முடிவெடுக்க வேண்டியவர்கள் எச்சரிக்கை விடுத்தது சரியான முடிவு. இவ்வளவையும் அறிந்தவர் அடுத்த முறையும் ஓடுவார். அரைகுறையாகச் சந்தேகப்பட்டவர் வீட்டிலேயே இருந்துவிடுவார்.

கணவரின் கருத்தில் ஏற்க முடியாத பாதி, "பிறகு" என்ற சொல்லில் இருக்கிறது. சிந்தனையைப் பதினாறு வயதுவரை ஒத்திவைத்துவிட்டுப் பின்பு எடுத்துக்கொள்ள முடியாது. ஆறு வருடமாக "ஏன்" என்று கேட்காமல் எழுதிப் பழகிய பிள்ளை, உயர்தரத்தில் "மதிப்பிடுக", "ஆராய்க" என்று வினா வரும்போது எதைச் செய்வதென்று தெரியாமல் பாடக்குறிப்பை அப்படியே எழுதுவதை நான் தொடர்ந்து கண்டுவருகிறேன். சாதாரண தரத்திலேயே கேத்திரகணித நிறுவலில் ஒவ்வொரு படிக்கும் காரணம் எழுத வேண்டும். விஞ்ஞான வினாத்தாளில் ஒரு பரிசோதனையைக் காட்டி, இதில் எதை மாறாமல் வைத்திருக்க வேண்டும், ஏன் என்று கேட்கிறார்கள். இந்த இடங்களில் பாடமாக்கிய விடை கைகொடுக்காது. மேலும், காரணம் தெரிந்து படித்தது மனதில் நிற்கும் அளவுக்குக் காரணம் தெரியாமல் மனனம் செய்தது நிற்பதில்லை. டென்மார்க்குக் கப்பல் ஏன் வந்தது என்று ஒரு முறை விளங்கிக்கொண்ட பிள்ளைக்கு 1620 என்ற ஆண்டு இலகுவில் மறக்காது.

இதை உங்கள் கணவருக்கு நான் விளக்குவதைவிட, அவருடைய தொழிலைக் கொண்டே உங்கள் மகள் அவரிடம் கேட்கட்டும். வாடைக்காற்றுக் காலத்தில், ஒரு நாள் காற்றுச் சற்றுத் தணிந்திருக்கிறது. படகை இறக்கலாமா, வேண்டாமா? அவர் ஒரு அறிகுறியை மட்டும் நம்பி முடிவெடுப்பதில்லை. காற்றின் திசை, நீரோட்டம், நீரின் நிறம், முந்திய நாள் போய்வந்தவர்கள் சொன்னது, வானிலை அறிவித்தல் என்று பலவற்றையும் ஒப்பிட்டு, ஒன்றுக்கொன்று முரண்பட்டால் எதற்கு அதிக எடை கொடுப்பது என்று தீர்மானிக்கிறார். தன் கணிப்புப் பிழைத்தால் அடுத்த நாள் அதைத் திருத்திக்கொள்கிறார். சாதாரண தரத்தோடு படிப்பை நிறுத்தியவர்கள் என்று உங்களைப் பற்றி எழுதியிருந்தீர்கள். நான் வகுப்பறைகளில் உருவாக்க விரும்பும் சிந்தனை முறை உங்கள் வீட்டில் தினமும் நடைபெறுகிறது. அவர் அந்த முடிவை எப்படி எடுத்தார் என்பதைப் படிப்படியாக மகளுக்கு வாய்விட்டுச் சொல்லிக்கொடுத்தால், அதைவிடச் சிறந்த பாடத்தை என்னால் தயாரிக்க முடியாது.

ஆசிரியரைப் பற்றி. இலங்கையின் கலைத்திட்டம் கேள்விக்கு எதிரானது அல்ல. 2007இல் தேர்ச்சி மையக் கலைத்திட்டம் அறிமுகமானபோது, மாணவரை ஈடுபடுத்தல், ஆராயவிடல், விளக்கவைத்தல், விரிவுபடுத்தல், மதிப்பிடல் என்ற ஐந்து படிமுறைகளில் பாடம் நடைபெற வேண்டும் என்றே ஆசிரியர்களுக்குச் சொல்லப்பட்டது. ஆனால் ஒரு பாடவேளை நாற்பது நிமிடம். வகுப்பு நிறையப் பிள்ளைகள், முடிக்கவேண்டிய பாடத்திட்டம், பெறுபேற்றை ஆண்டுக்காண்டு ஒப்பிட்டுக் கேட்கும் அதிபர், அதற்கு மேலே வலயக் கல்விப் பணிமனை. பல்கலைக்கழக அனுமதியை இசட் புள்ளியின் (உயர்தரப் பெறுபேறுகளை ஒப்பிடப் பயன்படும் புள்ளியின்) தசமங்கள் கூடத் தீர்மானிக்கும் நாட்டில், பெற்றோரும் "குறிப்புத் தாருங்கள்" என்றுதான் ஆசிரியரிடம் கேட்கிறார்கள். "குறிப்பில் இருப்பதை எழுது" என்ற பதில் இந்த நெருக்கடிக்குள்ளிருந்து வருவது. நான் அதை நியாயப்படுத்தவில்லை. அந்த ஆசிரியரை எதிரியாக எண்ணிவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

நீங்கள் நேரில் போக வேண்டாம். இப்போதைக்கு அவள் போகட்டும். நீங்கள் போனால் அது புள்ளி கேட்டு வந்த முறைப்பாடாகிவிடும். வகுப்பின் நடுவிலும் வேண்டாம். பாடம் முடிந்த பின்போ இடைவேளையிலோ, கையில் புத்தகத்தோடு போகட்டும். "சேர், எனக்குப் புள்ளி வேண்டாம். கற்கள் காரணமா, இல்லை வசதி மட்டுமா என்று யோசித்தேன். டென்மார்க்குக் கப்பல் வந்ததையும் படித்தேன். நான் விளங்கிக்கொண்டது சரியா?" என்று கேட்டால், பெரும்பாலான ஆசிரியர்கள் மனமுவந்து பேசுவார்கள். தான் கற்பித்ததை ஒரு பிள்ளை இவ்வளவு தூரம் கொண்டுபோயிருப்பதைக் கண்டு மகிழாத ஆசிரியர் குறைவு. அப்படியும் பதில் கிடைக்காவிட்டால், அந்தக் கேள்வியைப் புத்தகத்தில் குறித்துவைத்துக்கொண்டு நகரத்துப் பொது நூலகத்துக்குப் போகட்டும். பரீட்சையில் மட்டும், வினா கேட்டதற்கு எதிர்பார்க்கப்படும் விடையை முதலில் எழுதிவிட்டு, தன் எண்ணத்தைக் கூடுதலாக ஒரு வரியில் சேர்க்கப் பழகுவது நல்லது. வாசிப்பவர் எதிர்பார்ப்பதை முதலில் கொடுப்பதும் எழுத்தில் பழகவேண்டிய ஒழுங்குதான்; அதனால் அவளுடைய நேர்மைக்குக் குறைவு வந்துவிடாது.

கன்னியா விடயத்தில் உங்கள் மாமியாரின் மனவருத்தத்தை நான் இலேசாக எடுத்துக்கொள்ளவில்லை. அங்கே எரிமலை எதுவும் இல்லை. மழைநீர் பாறைப் பிளவுகளின் வழியே ஆழத்துக்கு இறங்கி, பூமியின் உட்சூட்டினால் வெப்பமேறி, மீண்டும் பிளவுகளின் வழியே மேலே வருகிறது என்பதே புவியியல் தரும் விளக்கம். மேலெழும் வழியில் குளிர்ந்த நிலத்தடி நீர் கூடவோ குறையவோ கலப்பதால் ஏழு கிணறுகளுக்கும் இடையே சூடு சற்று வேறுபடலாம். வேறுபடலாம் என்று நான் எழுதியதை அவள் அப்படியே நம்பவும் வேண்டாம். ஒரு வெப்பமானியையும் குறிப்புப் புத்தகத்தையும் கொண்டுபோய், அள்ளிய நீரில் உடனே அளந்து, ஏழு கிணற்றுக்கும் எழுதிவைக்கட்டும். மாரி மழைக்குப் பின்னர் ஒரு முறையும், வரண்ட ஆவணியில் ஒரு முறையும் அளந்தால், குளிர்நீர் கலக்கிறது என்ற விளக்கம் தாங்குமா என்று அவளே பார்க்கலாம். மழைக்குப் பின் சூடு குறையவே இல்லையென்றால் வேறு விளக்கம் தேட வேண்டிவரும், அதுவும் நல்லதுதான்.

ஆனால் இராவணன் தன் தாயின் ஈமக்கடனுக்காக அந்த ஊற்றுகளை உண்டாக்கினான் என்ற கதையை இன்றும் மக்கள் சொல்வது, நீர் ஏன் சுடுகிறது என்பதற்கு விளக்கமாக மட்டும் அல்ல. பெற்றோருக்கு அந்தியேட்டி செய்ய அங்கே வருகிறவர்கள் வெப்பவியல் கற்க வருவதில்லை. ஒரு பிள்ளை தாய்க்கு ஆற்றவேண்டிய கடன் பற்றிய கதை அது. நீரின் சூடு எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்கு வெப்பமானி விடை சொல்லும். இந்தக் கதையை நம் மக்கள் ஏன் விடாமல் காத்தார்கள் என்ற கேள்விக்கு அப்பம்மாதான் விடை சொல்ல முடியும். உங்கள் மகள் அவரிடம் போய், முதன்முதலில் யாரோடு, எதற்காகக் கன்னியாவுக்குப் போனார், அந்தக் கதையை யாரிடம் கேட்டார் என்று விசாரித்து எழுதிவைக்கட்டும். எந்தக் கேள்வியை யாரிடம், எந்தத் தொனியில் கேட்பது என்பதை அறிவதும் சிந்திக்கக் கற்பதன் ஒரு பகுதி. பதினைந்து வயதில் இதைத் தவறவிடுவது இயல்பு, சொல்லிக்கொடுத்தால் பிடித்துக்கொள்வாள்.

வீட்டில் செய்யக்கூடியவற்றில், செலவில்லாத ஒன்றை முதலில் சொல்கிறேன். கேள்வி கேட்டுவிட்டுப் பேசாமல் காத்திருங்கள். மேரி பட் ரோவ் என்ற அமெரிக்கக் கல்வி ஆய்வாளர், ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் சராசரியாக ஒரு செக்கன் அளவே காத்திருக்கிறார்கள் என்பதை 1970களில் ஆய்வுசெய்து காட்டினார். அதனை மூன்று செக்கனாக்கியபோது விடைகள் நீண்டன. காரணத்தோடு பேசும் பிள்ளைகள் கூடினார்கள். வழமையாக வாய்திறக்காதவர்களும் பேசினார்கள். சாப்பாட்டு நேரத்தில் அவளிடம் எதையாவது கேட்டுவிட்டு, நீங்களே விடையையும் சொல்லாமல் சற்றுப் பொறுங்கள். பிறகு, "அதற்கு என்ன ஆதாரம்?" என்று மட்டும் கேளுங்கள். உங்களுக்கு விடை தெரிந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை.

மற்றது ஒரு சிறு விளையாட்டு. பிரித்தானிய உளவியலாளர் பீட்டர் வேசன் 1960இல் வெளியிட்ட ஒரு பரிசோதனையிலிருந்து எடுத்தது. 2, 4, 6 என்ற மூன்று எண்கள் நான் மனதில் வைத்திருக்கும் ஒரு விதிக்கு அமைந்தவை. நீ வேறு மூன்று எண்களைச் சொல், அவை விதிக்கு அமைகின்றனவா என்று சொல்வேன். விதி உறுதியாகத் தெரிந்ததும் அறிவி என்று சொல்லுங்கள். பெரும்பாலானவர்கள் 8, 10, 12 என்றும் 20, 22, 24 என்றும் சொல்லிப் பார்த்துவிட்டு, "இரண்டிரண்டாகக் கூடும் எண்கள்" என்று நிச்சயத்தோடு அறிவிப்பார்கள். வேசனின் பரிசோதனையிலும் பெரும்பாலானோர் முதலில் அறிவித்த விதி பிழையாகவே இருந்தது. உண்மையான விதி, ஒன்றைவிட ஒன்று பெரிதான எந்த மூன்று எண்களும் என்பதுதான். 1, 2, 3 என்றோ 5, 9, 100 என்றோ ஒரு முறை கேட்டிருந்தால் தங்கள் எண்ணம் பிழை என்று தெரிந்திருக்கும். ஆனால் தாம் நினைத்ததற்குப் பொருந்தாத எண்களைக் கேட்கப் பலருக்கும் மனம் வருவதில்லை. உங்கள் மகளுக்கு இந்த விளையாட்டு மிகவும் அவசியம் என்று நினைக்கிறேன், ஏனெனில் மற்றவர்களின் கருத்தை அவள் தாராளமாகச் சந்தேகிக்கிறாள். தன் கருத்தைப் பொய்யாக்கக்கூடிய ஒன்றைத் தானே தேடிப்போக இன்னும் பழகவில்லை. கணவரையும் சேர்த்துக்கொண்டு விளையாடுங்கள்.

வட்ஸ்அப்பில் வரும் வெளிநாட்டு வேலை அறிவித்தல்கள், மருந்துக் குறிப்புகள், சுனாமி வதந்திகள் ஆகியவற்றையும் அவளிடமே கொடுத்துச் சரிபார்க்கச் சொல்லுங்கள். ஒரு செய்தி உண்மையா என்று அதையே திரும்பத் திரும்ப உற்றுப்பார்ப்பதால் தெரிந்துவிடாது. ஸ்ரான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் சாம் வைன்பேர்க்கும் அவரது குழுவினரும் நடத்திய ஆய்வில், தொழில்முறையாகச் செய்திகளைச் சரிபார்ப்பவர்கள் ஓர் இணையத்தளத்துக்குள் நுழைந்ததும் விரைவாக வெளியேறி, அதைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று தேடியதையும், மாணவர்களும் படித்த வரலாற்றுப் பேராசிரியர்கள் சிலரும் கூட அந்தத் தளத்தின் தோற்றத்திலேயே மயங்கி நின்றதையும் கண்டார்கள். எச்சரிக்கை என்று வந்தால் அனர்த்த முகாமைத்துவ நிலையம் அதைச் சொல்லியிருக்கிறதா, வேலை என்று வந்தால் அந்த முகவர் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிவானவரா என்று வெளியே போய்ப் பார்ப்பதே முறை. வீட்டில் இந்தப் பொறுப்பை அவளுக்குக் கொடுத்தால், அவளுடைய கேள்விகள் வீட்டுக்குப் பயன்படுவதை மாமியாரும் காண்பார்.

கடைசியாக ரியூஷன். அவள் கேட்கிறாள் என்பதற்காக நிறுத்த வேண்டாம். அந்த வகுப்பு அவளுக்கு எதைத் தருகிறது என்று பார்த்து முடிவெடுங்கள். பாடசாலைக் குறிப்பையே இன்னொரு முறை எழுதுவிக்கும் வகுப்பு என்றால், ஒரு தவணைக்கு நிறுத்திப் பார்க்கலாம். ஆனால் அந்த மாலையை வெறுமையாக விடக் கூடாது. அதே நேரத்தில் கடந்தகால வினாத்தாள் ஒன்றை எடுத்து, புத்தகத்தை மூடிவைத்துவிட்டு விடையெழுதி, பிறகு பரீட்சைத் திணைக்களம் வெளியிடும் மதிப்பீட்டு அறிக்கையோடு ஒப்பிடட்டும். புள்ளி எதற்கு வழங்கப்படுகிறது, பரீட்சார்த்திகள் எங்கே தவறுகிறார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. தன் விடை வேறுபடும் இடத்தில், யாருடையது ஏன் சரி என்று ஓரத்தில் இரண்டு வரி எழுதட்டும். கணித ரியூஷன் நன்றாக நடக்கிறதென்றால் அதை நிறுத்த வேண்டாம். அடுத்த தவணைப் பரீட்சையில் வரலாற்றுப் புள்ளி குறைந்தால் மீண்டும் வகுப்பில் சேர்த்துவிடலாம் என்று இப்போதே அவளோடு பேசி, அவளுடைய சம்மதத்தையும் பெற்றுக்கொள்ளுங்கள்.